ஆனால் இல்லாத கருத்து

எழுத்துக்கூட்டி என்பவர் நூலகத்துக்குக் கட்ட வேண்டிய அபராதம் நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. அந்த ஐம்பது காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரு நாள் நூலகத்தைப் பாதி நாளோடு மூடிவிட்டோம், அதனால் அன்றைக்கு மட்டும் பாதி அபராதம் என்று முகப்பில் இருந்த அம்மாள் விளக்கினாள். இவ்வளவு நியாயமாக நடக்கும் இடத்தில் கடன்பட்டு நிற்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சரக்குக் கிடங்கில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாலிபத்திலிருந்து அங்கே மூட்டை சுமக்கிறார். படிக்கக் கற்றது நாற்பத்தாறு வயதில், அதுவும் மூட்டைகளைப் பார்த்துத்தான். சாக்கில் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வாழ்க்கையில் முதல் முதலாக ஒரு வாக்கியத்தைப் படித்து முடித்தார். 'கொக்கி போடாதீர்' என்று இருந்தது. அத்தனை வருடமாக அந்த எழுத்துக்கு மேலேயேதான் கொக்கியை மாட்டி இழுத்துக் கொண்டிருந்தார். அன்று மதியம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்தார். கிடங்கில் அவருக்கு எழுத்துக்கூட்டி என்று பெயர் விழுந்தது.

அவர் படிப்பது ஒரு தனி வேலை. வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, சத்தமாக, மூட்டையோடு ஏணி ஏறுகிற மாதிரி நின்று நின்று போவார். அட்டையிலிருந்து ஆரம்பித்து விலை, பதிப்பித்த ஆண்டு, அச்சகத்தின் முகவரி, தொலைபேசி எண் எதையும் விடமாட்டார். காசு கொடுத்து வாங்காத புத்தகத்தில் பக்கத்தை வேறு விட்டுவிட்டால் அது திருட்டுக்குச் சமம் என்பது அவர் எண்ணம்.

கேட்பது அவர் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். வீட்டிலும் கை சும்மா இராமல் எதையாவது மடித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முதல் நாள் அச்சகத்தின் முகவரியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த அச்சகத்துக்காரருக்கு என்ன ஆகுது, கடைசியில செத்துப் போறாரா?" என்றாள்.

கெடுவுக்குள் படித்து முடிக்க முடியாமல் அபராதம் வந்தது 'தலைகீழ் ஆறு' என்ற புத்தகத்தால். புதிதாக வந்த மாயக்கதை, மூன்று பாகம். அதில் ஓர் ஆறு கடலிலிருந்து மலைக்கு ஓடுகிறது. ஒற்றைக்கண் படகுக்காரி ஒருத்தி ஆட்களை ஏற்றிப் போகிறாள். பாலத்தில் ஒரு டிராகன் சுங்கம் வசூலிக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், ஆளுக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாதவர்களுக்காகப் படகுக்காரி தன்னுடையதைக் கொடுக்கிறாள். கொடுத்துக் கொடுத்து, கடைசியில் தன் பெயரையே சுங்கமாகக் கட்டிவிடுகிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் தன் அம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்று கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வருகிறது. சொல்வதற்கு அவளிடம் பெயர் இல்லை.

அவ்வளவுதான். பாகம் முடிந்தது.

"புரட்டிப் பாருங்க, இன்னும் இருக்கும்" என்றாள் மனைவி.

புரட்டினார். பின்னால் அச்சகத்தின் முகவரி மட்டும் இருந்தது. அதையும் படித்தார்.

மறுநாள் அவள் சலவைக்கூடத்தில் கதையை வாசல்வரை சொல்லிவிட்டாள். இப்போது கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அக்காவும், இஸ்திரி போடுகிற இரண்டு பெண்களும் சேர்ந்து அந்த வாசலில் நின்றார்கள். "அம்மா கதவைத் திறந்தாளா?" என்று தினமும் கேள்வி. கிடங்கில் கூட வேலை செய்யும் மச்சினன்கூட மூட்டைக்கு அடியிலிருந்து கேட்டான்: "என்ன அத்தான், திறந்தாச்சா?"

மூன்றாம் பாகம் நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. கடன் தீர்ந்தால்தான் கைக்கு வரும்.

கூலி வாங்கிய அன்றே பணத்தோடு போனார். முகப்பு அம்மாள் பணத்தைத் தொடவில்லை. தலைக்கு மேலே இருந்த புதுப் பலகையைக் காட்டினாள். அவர் கூட்டிப் படித்தார்: 'பணம் அற்பமானது. உங்கள் கருத்து விலைமதிப்பற்றது. வாசகர் கருத்து ஈட்டுத் திட்டம்.'

"இந்த மாசத்துலேர்ந்து அபராதத்தைக் கருத்தாத்தான் வாங்கறோம்" என்றாள். "படிச்ச புத்தகத்தைப் பத்தி ஒரு கருத்து எழுதித் தரணும். ஒப்புதல் ஆனா கடன் தீரும்."

"பணமாவே வாங்கிக்கோங்கம்மா. சுலபமாப் போயிடும்."

"சுலபமாப் போகக் கூடாதுன்னுதான் திட்டமே."

வீட்டில் உட்கார்ந்து எழுதினார். மனைவி பக்கத்தில் இருந்தாள். எழுதியது இவ்வளவுதான்: 'கதை நன்றாக இருந்தது. படகுக்காரி வாசலில் நின்றபோது எனக்குக் குரல் வரவில்லை. என் மனைவி ஒரே போர்வையை மூன்று தடவை மடித்தாள்.'

கருத்துகளைச் சரிபார்க்கத் தனி அறை, அதில் சீராளர் என்று ஓர் இளைஞர். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல 'ஆனால்' இல்லையே?"

"எதுங்க?"

"ஆனால். நல்லாயிருக்கு, ஆனால்... அப்படின்னு ஒண்ணு வரணும். ஆனால் இல்லாதது கருத்து இல்லைங்க. அது நன்றி. நன்றிக்கு வாசல்ல தனிப் பெட்டி இருக்கு."

நன்றிப் பெட்டி பூட்டியிருந்தது. அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி திரும்பி வந்து, அங்கேயே நின்றபடி ஒரு வரி சேர்த்தார்: 'ஆனால் மூன்றாம் பாகம் கிடைக்கவில்லை.'

"இது புகார்" என்றார் சீராளர். "புகார் வேற பிரிவு."

அதை அடித்துவிட்டு யோசித்து எழுதினார்: 'ஆனால் டிராகன் பேசுவது எங்கள் மேஸ்திரி பேசுவது போலவே இருக்கிறது.'

"இது அனுபவம். கருத்துல அனுபவம் கலந்தா கலப்படம் ஆயிடும்."

"தம்பி, நீங்க இந்தக் கதையைப் படிச்சீங்களா?"

சீராளர் நல்ல பையன். கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்க படிக்கக் கூடாதுங்க. படிச்சா எங்களுக்கும் ஏதாவது தோணிடும். அப்புறம் உங்களுக்குத் தோணினதை எப்படி நடுநிலையாச் சரிபார்க்கறது?"

எழுத்துக்கூட்டிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தன்னால் ஒரு தம்பியின் நடுநிலை கெட்டுவிடக் கூடாது.

குறை அதோடு நிற்கவில்லை. மாயக்கதையைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர் பலவகை நூல்களைப் படித்தவராக இருக்க வேண்டுமாம். ஒரே வகையைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால், எதைவிட நன்றாக இருக்கிறது என்று கேள்வி வரும். ஆகவே வேறு ஐந்து புத்தகங்களைத் தலையில் கட்டி அனுப்பினார்கள். தலையில் என்றால் தலையில்தான். ஒன்று மட்டும் தொள்ளாயிரம் பக்கம்.

அவர் ஒரு பக்கத்தையும் விடாமல் படித்தார். மனைவியும் கேட்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. கெடு தாண்டித் தாண்டி அபராதம் ஏறியது. அபராதத்தைத் தீர்க்கப் படிக்கிற புத்தகத்துக்கும் அபராதம் உண்டா என்று கேட்டதற்கு, எல்லா வாசகரும் எங்களுக்குச் சமம் என்று முகப்பு அம்மாள் சொன்னாள். ஏறி ஏறி நானூற்று முப்பத்தொன்று ஆனது.

ஐந்துக்கும் கருத்து எழுதினார். மலையேறியவர் தன் கதையைச் சொன்ன புத்தகத்துக்கு: 'உச்சிக்குப் போனவர் எழுதியது. மூட்டையை வேறு யாரோ சுமந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் இல்லை. நன்றிப் பக்கத்தில் நாயின் பெயர் இருக்கிறது.' ஏழே நாளில் தலைவர் ஆகச் சொல்லிக்கொடுத்த புத்தகத்துக்கு: 'ஏழு நாளில் எனக்கு முன்னுரை முடிந்தது.' தேனீ வளர்ப்புக்கு: 'நல்ல கதை. ராணி செத்ததும் இரண்டு நாள் படிக்கவில்லை.' துப்பறியும் கதையில் கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்: 'கொன்றது யார் என்று தெரியவில்லை. சமையல்காரன் இல்லை. அவன் அன்று நாற்பது பேருக்குச் சமைத்தான், அவனுக்கு ஏது நேரம்.' தொள்ளாயிரம் பக்கமும் அரசர்களைப் பற்றிய மாயக்கதை. அதில் ஒரு வாள் பேசுகிறது. 'யார் கெட்டவன் என்று அந்த வாளுக்கு முதலிலேயே தெரியும். யாராவது அதைக் கேட்டிருந்தால் பாதிப் புத்தகம் மிச்சம்.'

சீராளர் ஐந்தையும் படித்தார். தேனீயைப் படித்தபோது வாய் லேசாகக் கோணியது. சட்டென்று சரி செய்துகொண்டார். பிறகு முத்திரைகளை எடுத்து, புகார், புகார், நன்றி, சந்தேகம், அறிவுரை என்று வரிசையாகக் குத்தினார்.

"அறிவுரை சொல்ல வாசகருக்கு அனுமதி இல்லைங்க" என்றார்.

எழுத்துக்கூட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஐந்து புத்தகம் படித்து ஒன்றைப் பற்றிக்கூட ஒழுங்காக ஒன்றும் தோன்றவில்லையே என்று உடம்பு கூசியது. வீட்டுக்குப் போனால் கேட்பாள். வழியிலேயே மச்சினன் கேட்பான்.

அப்போதுதான் நூலகத் தலைவர் அவரை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். சட்டையில் இருந்த தூசியை நினைத்து எழுத்துக்கூட்டி உட்காரவில்லை.

"அடுத்த வாரம் கருத்து நாள் கொண்டாடறோம்" என்றார் தலைவர். "பேராசிரியர்கள் கருத்து எங்ககிட்ட வேண்டிய அளவு இருப்பு இருக்கு. உழைப்பாளி கருத்துதான் பற்றாக்குறை. அதனால அதை நாங்களே தயார் பண்ணி வெச்சிட்டோம். சொல்றதுக்கு ஒரு உழைப்பாளி மட்டும் குறையுது."

தாளை நீட்டினார். பெரிய பெரிய எழுத்து. எழுத்துக்கூட்டி விரலை வைத்துக் கூட்டினார். 'தலைகீழ் ஆறு, பக்குவப்படாத மனங்களைத் தூங்க வைக்கும் கதை' என்று ஆரம்பித்தது. 'கண்ணீர் வந்துவிட்டால் அதைக் கலை என்று நம்பிவிடும் எளியவர்களுக்கானது' என்று போனது. ஆனால், ஆனால் என்று ஏழு இடத்தில் வந்தது.

"ஐயா, எனக்கு இந்தக் கதை பிடிச்சிருந்துச்சுங்க."

"பிடிச்சது உங்க சொந்த விஷயம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "அதுல நாங்க தலையிடவே மாட்டோம். மேடையில இதை மட்டும் சொல்லுங்க. அபராதம் முழுக்கத் தள்ளுபடி. மூணாம் பாகத்தை அங்கேயே என் கையால தர்றேன்."

கண்ணாடி அலமாரி அந்த அறையிலிருந்தே தெரிந்தது. அம்மா கதவைத் திறந்தாளா என்பது அதற்குள் இருந்தது. எழுத்துக்கூட்டி தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் சீராளர் அவரை நிறுத்தி வைத்துப் படிக்கவிட்டார். தடுமாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தச் சொல்லை இருபது தடவை சொல்லவைத்தார். வாரக் கடைசியில் தாளில் ஒரு கோடும் பாக்கியில்லை.

வீட்டில், "என்னை மேடையில பேசச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

"எதைப் பத்தி?"

"தலைகீழ் ஆறு பத்தி."

அவள் மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மீதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பாய்லர் அக்கா வேலை முறையை மாற்றிக்கொண்டாள். கருத்து நாளன்று நான்கு பேரும் நல்ல துணி உடுத்தி, மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

தலைவர் முதலில் பேசினார். "இந்த ஆண்டு நமக்குப் பதினாறாயிரம் கருத்துகள் வந்தன. பதினாறாயிரத்தையும் திருத்திவிட்டோம். இனிமேல் இந்த நகரத்தில் ஒரு வாசகர் ஒரு புத்தகத்தைப் பற்றித் தவறாக நினைத்தார் என்று யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துவிட்டதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன், கருத்து குறையவில்லை. புத்தகம் கிழியும், கரையான் அரிக்கும். திருத்தப்பட்ட கருத்துக்கு அந்த ஆபத்து இல்லை."

கைத்தட்டல் ஓய்ந்ததும் எழுத்துக்கூட்டியை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

படிக்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் படிக்கும்போது மனைவியின் உதடும் கூடவே அசையும். மூன்றாவது வரிசையில் அது அசைவது தெரிந்தது. 'பக்குவப்படாத மனங்கள்' என்ற இடத்தில் அசைவு நின்றது. 'கண்ணீர்' என்ற இடத்தில் பாய்லர் அக்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். எங்கேயாவது தடுமாறினால் நிறுத்திவிடலாம் என்று அவர் காத்திருந்தார். வாய் தடுமாறவே இல்லை. நன்றாக மசகு போட்ட வண்டி மாதிரி கடைசி 'ஆனால்' வரைக்கும் ஓடியது. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக அவர் எதையும் படித்ததில்லை.

தலைவர் கட்டிப்பிடிக்க வந்து, தூசியைப் பார்த்துத் தோளில் தட்டினார். 'அபராதம் ரூபாய் நானூற்று முப்பத்தொன்று கருத்தால் ஈடுசெய்யப்பட்டது' என்று ஒரு சான்றிதழ் தந்தார். மூன்றாம் பாகத்தையும் நாடா கட்டித் தந்தார்.

வீடு வரைக்கும் மனைவி முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"படிக்கட்டுமா?"

"எதுக்கு? பக்குவப்படாதவங்களைத் தூங்க வைக்கற கதைன்னு மைக்குல சொன்னீங்களே. எனக்குப் படிக்காமலே தூக்கம் வருது."

நாடா அவிழவில்லை. தனியாகப் படித்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் கையில் எடுத்தார். கேட்க ஆள் இல்லாமல் எப்படிப் படிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்ப வைத்துவிட்டார்.

கிடங்கில் மச்சினன் வந்தான். "பின்னி எடுத்துட்டீங்களாமே அத்தான். அக்கா வாயே திறக்கல. அவ திட்டினா ஒண்ணும் இல்லை. பேசாம இருந்தாத்தான் நாம வேற ஊருக்குப் போற மாதிரி ஆகும்."

எழுத்துக்கூட்டி அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். எதிரே சாக்கில் அந்தப் பழைய வரி இருந்தது. எழுத்துத் தெரியாதபோது போட்ட கொக்கிக்காவது ஒரு சாக்குச் சொல்லலாம். இதை அவர் படித்துவிட்டுப் போட்டார்.

பணத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நானூற்று முப்பத்தொன்றையும் முகப்பில் வைத்தார்.

"கடன் இல்லாதவர்கிட்ட பணம் வாங்க எங்களுக்கு வழியே இல்லை" என்றாள் அம்மாள்.

"அந்தக் கருத்தை நான் திரும்ப வாங்கிக்கறேம்மா. கடனை மறுபடி ஏத்திடுங்க."

அவள் சீராளரிடம் அனுப்பினாள். சீராளர் விதியைப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "திரும்ப வாங்கணும்னா அது உங்க கருத்துன்னு நீங்க முதல்ல நிரூபிக்கணும்."

"அது என்னோடது இல்லைன்னு உங்களுக்கே தெரியுமே தம்பி."

"தெரியும். நான்தான் எழுதினேன். அதனாலதான் உங்களால முடியாதுங்கறேன்."

கடன் இல்லாத மனிதராக வெளியே வந்தார். இவ்வளவு பாரத்தை அவர் கிடங்கில்கூடத் தூக்கியதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனார். இயந்திரங்கள் நின்றிருந்தன. நான்கு பேரும் விரிப்பு மூட்டைகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி பாத்திரத்தை மூடினாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"மைக் இல்லையே இங்க" என்றாள் பாய்லர் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் சாக்கடையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. "அன்னைக்குச் சொன்னது என்னோடது இல்லைங்க. எழுதிக் கொடுத்தாங்க. நான் படிச்சேன்."

"அது தெரியாதா எங்களுக்கு?" என்றாள் இஸ்திரிப் பெண். "ஒரு இடத்துலகூட நிக்கலியே. உங்க வீட்டு அக்கா சொல்றதைப் பார்த்தா நீங்க வரிக்கு ரெண்டு தடவை நிப்பீங்க."

அவருக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மனைவி அதை விடவில்லை.

"தெரிஞ்சதாலதான் வெக்கம். உங்களுக்கே பிடிக்கலன்னு சொல்லியிருந்தா, சரி, மனுசனுக்குப் பிடிக்கலன்னு விட்டிருப்பேன். பிடிச்ச கதையை, எவனோ எழுதின வார்த்தையில, இவங்களை உக்கார வெச்சு ஏசினீங்க. நாங்க அழுததே தப்புன்னு ஆகிப்போச்சு."

அவர் வாய்க்கு வந்த பதிலில் ஓர் 'ஆனால்' இருந்தது. அதை விட்டுவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"எதுக்கு ஒத்துக்கிட்டேன்னா..."

"மூணாம் பாகத்துக்கு. அதுவும் தெரியும். அதனாலதான் இன்னும் வீட்டுல சாப்பாடு கிடைக்குது."

பாய்லர் அக்கா சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையில் இருந்த பையையே பார்த்தாள்.

"கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"அப்ப உக்காருங்க. மணி அடிக்கற வரைக்கும் படிங்க. நாளைக்கும் வாங்க. முடியற வரைக்கும் தினமும் வந்து இவங்க எல்லார் முன்னாடியும் படிங்க. அப்புறம் கடன் கிடையாது."

அழுக்கு விரிப்பு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்தார். அட்டையைப் படித்தார். விலையைப் படித்தார். அச்சகம் என்று ஆரம்பித்தார்.

"அச்சகமெல்லாம் இன்னைக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. "வாசலுக்கு வாங்க."

முதல் தடவையாக ஒரு பக்கத்தைப் படிக்காமல் திருப்பினார். அதற்கும் கொஞ்சம் வெட்கப்பட்டார். விரலை முதல் வரிக்கு அடியில் வைத்தார்.

"யாரு என்று... கேட்ட... அம்மா, விளக்கை... எடுத்துக்கொண்டு, வந்து, க... க... த..."

நின்றுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கூட்டினார். அது என்ன சொல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.